வாய் கொப்பளிக்கும் வரிசை

என்னை மேடையில் அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லாரும் அம்மன் காசில்தான் ஆரம்பிக்கிறார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர், அந்தச் சின்னச் செப்புக் காசு செல்லாமல் போனதைக் குழந்தையிலேயே கண்ணால் பார்த்தவர், அதனால்தான் நாணய மாற்று விகிதத்தையும் ஏழை நாடுகளின் வறுமையையும் ஆயுள் முழுக்க ஆராய்ந்தார் என்று சொல்லிவிட்டுக் கை தட்டச் சொல்வார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மன் காசு செல்லுமா செல்லாதா என்று கவலைப்படும் அளவுக்கு அது என் கையில் தங்கியதே இல்லை. அந்த வருஷத்தில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். என் அக்காவைக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்குப் பதினாறு வயது. வண்டியில் ஏறப்போனவள் என் அழுகையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "மொதல்ல மூக்கச் சிந்துடி, பாக்க சகிக்கல" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

எங்கள் அப்பா ஆவூர்ப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் இடம் கிடைத்து நான் படித்தேன். கணக்கு நன்றாக வந்ததால் பொருளாதாரத்தில் சேர்த்துவிட்டார்கள். அப்படியே போய்ப்போய் அறுபதுகளின் நடுவில் சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக உட்கார்ந்திருந்தேன். இதில் காவியம் எதுவும் கிடையாது. செலாவணி விகிதம் என்பது கரும்பலகையில் போடுகிற இரண்டு அம்புக்குறி என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

அக்கா வீட்டுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் கடலைக் காடு. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் முந்திரிக் கொட்டகை. கொட்டகை தஞ்சாவூர் ரோட்டோரம் இருந்தது. சுட்ட முந்திரிக்கொட்டையைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கட்டையால் ஒரு தட்டுத் தட்டி, ஓட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டால் தோல் வெந்துபோகும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். பூசியும் அக்காவின் விரல் நுனிகள் கறுத்துப்போய்த்தான் இருக்கும். அவள் என் கன்னத்தைத் தொட்டால் உப்புக்காகிதம் மாதிரி உரசும்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருத்தியும் மடியை ஏந்துவாள். கணக்குப்பிள்ளை உடைசல் பருப்பில் ஒரு கை அள்ளிப் போடுவார். கைக்குழந்தைக்காரி என்றால் இரண்டு கை. யாரும் எழுதி வைத்தது இல்லை, யாரும் கேட்டு வாங்கியதும் இல்லை. முழுப்பருப்புதான் வெளிநாட்டுக்குப் போகும், உடைசலை யார் சீண்டுவார்கள் என்று கொடுத்தார்கள். அந்த ஒரு கையை அக்கா கேழ்வரகுக் கஞ்சியில் போட்டுக் கொதிக்கவைத்துத் தன் இரண்டு பெண்களுக்கும் ஊற்றுவாள். அந்தக் குழந்தைகள் உடம்பில் கொஞ்சநஞ்சம் பிடித்த சதை அதிலிருந்து வந்ததுதான்.

அறுபத்தாறு ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை ஒரு டாலருக்கு நாலே முக்கால் ரூபாய். மறுநாள் ஏழரை ரூபாய். வெளிநாட்டுக்காரன் அதே ஒரு டாலரைக் கொடுத்து வாங்கினாலும் இங்கே வியாபாரி கையில் ஒன்றரை மடங்குக்கு மேல் ரூபாய் விழுந்தது. கொட்டை அதே கொட்டை, உடைக்கிற கை அதே கை. என் வழிகாட்டிப் பேராசிரியர் இதைப் பற்றி உற்சாகமாக வகுப்பெடுத்தார். நம் சரக்கு அவர்களுக்கு மலிவாகும், ஏற்றுமதி பெருகும், வேலை பெருகும், வறுமை குறையும் என்று அம்புக்குறிகளைப் போட்டுக்கொண்டே போனார். கடைசி அம்புக்குறி வறுமையை நோக்கிக் கீழே இறங்கியது. சரி, அதைப் போய்ப் பார்த்துவிடுவோம் என்றுதான் ஆடி மாசத்தில் நான் ஊருக்குக் கிளம்பினேன். எந்த ஊருக்குப் போவது என்று யோசிக்கவே இல்லை. அக்கா இருக்கும் ஊர், சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

குளம் வறண்டு விரிசல் விட்டிருந்தது. மச்சான் பிழைப்புத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது கொட்டகைக் கூலியில்தான். நான் வந்துவிட்டேன் என்று அக்கா எங்கோ கேட்டு ஒரு தேங்காய் மூடி வாங்கி வந்து துவையல் அரைத்தாள். "மெட்ராஸ்காரிக்குக் கஞ்சி எறங்குமா என்னமோ" என்று கேலி வேறு. மீதித் துவையலைத் தூக்குவாளியில் வைத்துக் கொட்டகைக்கு எடுத்துப் போனாள்.

அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிவரக் கொட்டகை வாசலுக்குப் போனேன். மடி ஏந்தும் வரிசையைப் பார்க்கலாம் என்று போனவள் வேறொரு வரிசையைப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு வெள்ளை எனாமல் பேசின். பக்கத்தில் தண்ணீர்ப் பானை. ஒவ்வொருத்தியும் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துப் பேசினில் துப்ப வேண்டும். அவர் குனிந்து பார்ப்பார். தண்ணீர் தெளிவாக இருந்தால் தலையை ஆட்டுவார், அவள் அதைக் கொட்டிக் கழுவி வைத்துவிட்டுப் போகலாம். வெள்ளையாகத் துணுக்கு மிதந்தால் பருப்பைத் தின்றிருக்கிறாள் என்று அர்த்தம். கூலி கிடையாது.

வரிசையில் நின்ற பெண்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள் அதில் இருந்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஒருத்தி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு துப்பினாள். அக்கா இதை என்னிடம் சொல்லவே இல்லை. சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது.

அவள் முறை வந்தது. துப்பினாள். பேசினில் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன.

"என்ன இது?"

"தேங்காங்க. மத்தியானம் தொவையல் சாப்புட்டேன்."

"தேங்காயா? ஒன் வீட்டுல தேங்கா எப்பருந்து?"

"தங்கச்சி வந்துருக்குங்க மெட்ராஸ்லேருந்து. அதுக்காக அரைச்சது."

"இந்தக் கதையெல்லாம் அங்கிட்டு வச்சுக்க. நாளைலேருந்து வர வேணாம்."

நான் ஓடிப்போய், அது தேங்காய்தான், நானும் அதைத்தான் சாப்பிட்டேன் என்று கத்தினேன். "நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு எதுக்குங்க இந்தச் சண்ட? மொதலாளியப் பாருங்க" என்றார் கணக்குப்பிள்ளை. முதலாளியைப் பார்த்தேன். மரியாதையாக உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். முன்னே மாதிரி இல்லை, கொல்லத்து ஏற்றுமதி வியாபாரி இப்போது உடைசலையும் விலைக்குக் கேட்கிறான், வெளிநாட்டில் மிட்டாய்க்குப் போடுகிறார்களாம் என்று விளக்கினார். "இப்ப ஒவ்வொரு துணுக்கும் டாலரும்மா. நான் என்ன செய்ய?" என்றார். மடியில் போடும் ஒரு கை நின்றுபோய் ஒரு மாசம் ஆகியிருந்தது. அது நின்றதால் பெண்கள் வாயில் போட்டுக்கொள்வார்கள் என்று சந்தேகம். சந்தேகம் வந்ததால் பேசின். பேராசிரியரின் கடைசி அம்புக்குறி போய்ச் சேர்ந்த இடம் என் அக்காவின் வாய். அந்தக் காபியை நான் குடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா ரோடு போடும் இடத்துக்குக் கல் உடைக்கப் போனாள். வெயிலில் நாள் முழுக்க உடைத்தாலும் கொட்டகைக் கூலியில் பாதி தேறவில்லை. திருட்டுப் பட்டம் வேறு. தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் ஒருத்தி, "பருப்பு ருசியா இருந்துச்சா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு வந்தாள். எனக்கு அவள் மேல் வந்த ஒரே கோபம், அந்தக் குடத்தைக் கேட்டவள் தலையில் போடாமல் தரையில் போட்டதற்காகத்தான்.

சென்னைக்குத் திரும்பி எல்லாவற்றையும் எழுதினேன். கூலி ஏறவில்லை, வேலை நாள் கூடியிருக்கிறது, மடியில் போட்ட பருப்பு நின்றுவிட்டது, வாயைச் சோதிக்கிறார்கள். பேராசிரியர் முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு பின்னிரண்டையும் சிவப்பு மையால் அடித்தார்.

"இது பொருளாதாரம் இல்லம்மா. ஊர்வம்பு."

"அந்த ஒரு கைப் பருப்பு கூலி சார். அது நின்னா கூலி குறைஞ்சதா இல்லையா?"

"பணமாக் கொடுக்காதது கூலிக் கணக்குல வராது. வேலை நாள் கூடியிருக்கு இல்ல? அதை எழுதுங்க, அழகா இருக்கு."

அழகா இருக்கு என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. அவர் கெட்ட மனிதர் இல்லை. மாணவர்களுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பார், யாரையும் ஒருமையில் பேசமாட்டார். அதனால்தான் அதிகமாக எரிந்தது. அடித்ததை நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி அடித்தார். இப்படியே தீபாவளி போனது, கிறிஸ்துமஸ் போனது.

தை மாசத்தில், மதிப்புக் குறைப்பால் ஏற்றுமதித் தொழில்கள் எப்படியிருக்கின்றன என்று அறிக்கை எழுதும் பொறுப்பு அவருக்கு வந்தது. கிராமத்தில் ஒரு இடம் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று என்னைக் கேட்டார். நான் கொட்டகையைச் சொன்னேன். கண்ணால் பார்த்தால் அடிக்கமாட்டார் என்று நம்பினேன். மெட்ராஸிலிருந்து பெரிய மனிதர் வந்து கேட்டால் முதலாளி பேசினைத் தூக்கிப் போட்டு அக்காவையும் திரும்பச் சேர்த்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். அக்காவையும் வரச்சொல்லி வாசலில் நிற்கவைத்தேன். அவளுக்குச் சம்மதமே இல்லை. "திருடின்னு சொன்ன எடத்துல என்னைய எதுக்குடி நிறுத்துற?" என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றாள்.

மாலை, எலுமிச்சம்பழம், இளநீர் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு தாம்பாளம் நிறைய முழுப்பருப்பை நெய்யில் வறுத்து மிளகும் உப்பும் தூவி வைத்திருந்தார்கள். ஒரு பையனிடம் அதைக் கொடுத்துப் பேராசிரியர் கூடவே நடக்கச் சொன்னார் முதலாளி. பேராசிரியர் கொட்டகையைச் சுற்றிச்சுற்றி வந்தார். பேச்சு ஒரு பக்கம், கொறிப்பது ஒரு பக்கம். குந்தியிருந்த பெண்கள் அவர் வாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வேலை முடிந்தது. வரிசை நின்றது. பேசின் வந்தது. இன்றைக்கு ஒரு நாளாவது ஒளித்து வைப்பார்கள் என்று நினைத்தேன். அந்தக் கூச்சம்கூட முதலாளிக்கு இல்லை.

"இது என்ன?" என்று கேட்டார் பேராசிரியர்.

"சுத்தம் சார். கொட்டப் பொகை நெஞ்சுக்கு ஆகாது. அதான் போறப்ப வாய் கழுவ வச்சு அனுப்புறது" என்றார் முதலாளி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். "பிரமாதம். வெளிநாட்டுல இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க. வாயில துணி கட்டிக்கிட்டுத்தான் வேலையே. அதைப் பார்த்தா வாங்கறவனுக்கும் திருப்தி" என்றார். பையிலிருந்த பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். நான் எழுதியதை ஆறு மாசமாக அடித்தவர், முதலாளி சொன்ன பொய்யை ஆறு நொடியில் எழுதிக்கொண்டார்.

என் கை தானாகவே பானையில் டம்ளரை விட்டு மொண்டது. "நீங்களும் கொப்பளிச்சிருங்க சார். ரொம்ப நேரம் பொகைல நின்னுட்டீங்க" என்று நீட்டினேன். அவர் மறுக்கவில்லை. சந்தோஷமாக வாங்கி, நன்றாகக் கொப்பளித்து, பேசினில் துப்பினார். பேசின் முழுக்க வெள்ளைத் துணுக்கு. கணக்குப்பிள்ளை பழக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டார். பார்த்தவர் நிமிர்ந்து முதலாளி முகத்தைப் பார்த்தார்.

"இது தேங்கா இல்லைங்க, பருப்புதான்" என்றேன். "நாளைலேருந்து வர வேணாம்னு இவர்கிட்டயும் சொல்லுங்க."

வரிசையில் யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் கொட்டகையே சிரித்தது. பேராசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஒரு வரி விடாமல் அவருக்கு விளக்கினேன், ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விருந்தாளியைக் கூட்டிட்டு வந்து இப்படித்தான் அவமானப்படுத்துவீங்களா?"

"விருந்தாளிக்குத் தேங்காய் அரைச்சதுக்குத்தான் சார் என் அக்காவுக்கு வேலை போச்சு" என்று வாசலில் நின்றவளைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் காரில் போய் ஏறிக்கொண்டார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் பஸ் பிடித்துத்தான் நான் சென்னை போனேன்.

அவர் என்னை விட்டுவிட்டார். வேறொரு வழிகாட்டியைத் தேடிப் பிடித்து, முதலிலிருந்து தொடங்கிப் பட்டம் வாங்குவதற்குள் என் கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலையில் உட்கார்ந்து மாமியார் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அடித்த பக்கம் ஆய்வேட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த நாட்டில் நாணய மதிப்பைக் குறைத்தாலும் நான் போய் முதலில் கேட்கிற கேள்வி, இதுவரை சும்மா கொடுத்துக்கொண்டிருந்த எதை இப்போது நிறுத்தினீர்கள் என்பதுதான். பதில் கிடைக்காத ஊரே கிடையாது.

ஆனால் அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது அப்படித்தான் செய்தியும் இருந்தது. பேசினைக் கொண்டுவந்து வைத்தாலே எவளாவது ஒருத்தி, "வழிய விடுங்கடி, புரொபசர் வாராரு" என்பாளாம். வரிசை விழுந்து விழுந்து சிரிக்குமாம். கணக்குப்பிள்ளையால் அதட்டவும் முடியவில்லை, குனிந்து பார்க்கவும் முடியவில்லை. ஒரு வாரத்தில் பேசின் காணாமல் போய்விட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே டீக்கடைக்காரர் இதைச் சொல்லிச் சிரித்தார். அக்காவையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்றார். நான் வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு கொட்டகைக்கு நடந்தேன்.

உள்ளே சத்தமே இல்லை. முன்பெல்லாம் ரோட்டில் வரும்போதே பேச்சும் சிரிப்பும் பாட்டும் கேட்கும். இப்போது கட்டை தட்டும் சத்தம் மட்டும் வந்தது. வேலை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொருத்தி வாயிலும் மாவுச் சாக்கில் கிழித்த துணி கட்டியிருந்தது. பின்கழுத்தில் முடிச்சு. முடிச்சின் மேல் ஒரு சொட்டு மை. நடுவில் அவிழ்த்துக் கட்டினால் மை விலகிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் கட்டி மை வைப்பதற்கும், கஞ்சிக்கு அவிழ்த்து மறுபடி கட்டுவதற்கும், சாயங்காலம் அவிழ்ப்பதற்கும் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்குப் போட்டிருந்தார்கள். பெண்கள் குனிந்து கழுத்தைக் காட்ட, அவள் மையைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியாக அவிழ்த்துவிட்டாள்.

அக்கா அவிழ்த்த துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தாள். கொட்டைப் பால் ஊறிய துணி பட்டு உதடு இரண்டும் வெந்து தோல் உரிந்திருந்தது.

"எதுக்குக்கா இங்க மறுபடி வர்ற?" என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்தது.

"வராம? துணி கட்டுனா எவளும் திங்க முடியாதுன்னு என்னையும் கூப்புட்டாங்க. ரோடு போட்டு முடிச்சாச்சு. இன்னும் எங்கிட்டுப் போயிக் கல்லு ஒடைக்கிறது?" என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். பிறகு சொன்னாள். "கொப்பளிக்கிறதாவது சாயங்காலம் ஒரு நிமிசம். இது நாள் பூராவும். பேசிக்கிட்டே ஒடைச்சா பொழுது போறது தெரியாது, இப்ப அதுவும் இல்ல. ஒங்க புரொபசர்தான் வாயில துணி கட்டச் சொன்னாராம்ல? வெளிநாட்டுல அப்படித்தானாம்ல?"

என் முகத்தைப் பார்த்தவள், "மூக்கச் சிந்துடி" என்றாள். உதடு வலித்ததால் அதைக்கூட அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

பேராசிரியரின் அறிக்கை அந்த வருஷமே வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்து முந்திரிக் கொட்டகை ஒன்றைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. அங்கே வேலை செய்யும் பெண்களின் சுகாதாரத்தில் காட்டும் அக்கறையைப் பாராட்டியிருந்தார். பேசினைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு அந்தக் கொட்டகையில் வேலைக்கு ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்று முடித்திருந்தார். அது பொய் இல்லை. கூடினவர்களில் ஒருத்தி முடிச்சுக்கு மை வைக்கிறவள். இன்னொருத்தி என் அக்கா.